குடிக்காத சென்னியப்பன்

குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் சென்னியப்பன் முதன்முதலாக ரத்த வாந்தி எடுத்தார். 1985, மாசி மாதம். கறுப்பும் சிவப்புமாகக் கட்டிகட்டியாக வந்தது. திருச்செங்கோட்டு டாக்டர் உடனே கோயமுத்தூருக்கு அனுப்பினார்.

அங்கே நினைவிருக்கும்போதே விரல் தடிமனில் ஒரு கறுப்புக் குழாயைத் தொண்டைக்குள் இறக்கினார்கள். இரண்டு பேர் தோளை அமுக்கிப் பிடித்தார்கள். உணவுக்குழாயின் அடியில் புடைத்துக் கசிந்த ரத்தக்குழாய்களுக்கு அதன் வழியாகவே ஊசி போட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இன்னும் நான்கு தடவை வரவேண்டும்.

"இது பெரும்பாலும் குடிக்கிறவங்களுக்கு வர்றது" என்றார் டாக்டர். "இவருக்குக் கல்லீரல் நல்லா இருக்கு. அதுக்குப் போற ரத்தக்குழாய்தான் அடைச்சிருக்கு. ஏன்னு தெரியல."

கூட வந்திருந்த தங்கசாமி, சென்னியப்பன் மனைவி சௌந்திரத்தின் அண்ணன், அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். சென்னியப்பனின் மகள் பூங்கொடிக்கு ராசிபுரம் பக்கம் அப்போதுதான் மாப்பிள்ளை பேசியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "ஏன்னு தெரியாத நோயின்னா வம்சத்துல இருக்குதும்பாங்க மாப்ள. புள்ளையக் கட்டமாட்டாங்க. குடிச்சுக் கெட்டாருன்னு சொல்லிட்டா உங்களோட போச்சு."

"நான் சாராயத்தத் தொட்டதே இல்லீங்களே மச்சான்."

"அது எனக்குத் தெரியாதுங்களா" என்றாள் சௌந்திரம், அவர் முகத்தைப் பார்க்காமல். "புள்ளைக்காவ ஒத்துக்கங்க."

விசாரிக்க வந்த சம்பந்தி வெள்ளியங்கிரியிடம் சென்னியப்பனே சொன்னார்: "கொஞ்சம் பழக்கம் இருந்துச்சுங்க. உட்டுட்டேன்."

வெள்ளியங்கிரி சிரித்தார். "ஆம்பளைக்கு அதொண்ணும் பெரிசில்லீங்க."

வாய் தவறிச் சொல்லிவிடுவாள் என்று பூங்கொடியிடமும் உண்மையை மறைத்தார்கள். வீட்டுக்குத் தெரியாமல் வெளியே குடித்திருக்கிறார் என்று நம்பி, அவள் அப்பனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வைகாசியில் கல்யாணம். மணவறையில் அப்பன் இடத்தில் தங்கசாமிதான் நின்றார்.

மிச்ச நாலு ஊசிக்கும் சென்னியப்பன் தனியாகவே போய்வந்தார். ஒவ்வொரு முறையும் தொண்டை புண்ணாகி, நாலு நாளைக்குக் கஞ்சி மட்டும் இறங்கும். ரத்தம் நின்றுவிட்டது. அவர் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம், "ஊத்திக்கக் கெளம்பிட்டாரு" என்று டீக்கடையில் காதுபடச் சொன்னார்கள்.

மூன்று வருஷம் கழித்து, ஐப்பசியில், பூங்கொடி துணிப்பையோடு வந்து நின்றாள். முன்பல் ஒன்று இல்லை. புருஷன் கல்யாணமான மாசத்திலிருந்தே குடித்துவிட்டு அடிக்கிறான். நியாயம் கேட்க அவளையும் கூட்டிக்கொண்டு போனார் சென்னியப்பன்.

வெள்ளியங்கிரி கட்டிலைவிட்டு எழவில்லை. "குடிகாரர் ஊட்ல வளந்த புள்ளதானுங்களே. அதுக்கு இது புதுசா?"

சென்னியப்பன் ஓரடி முன்னால் வந்தார். "நான் குடிச்சதே இல்லீங்க. அன்னிக்குச் சொன்னது பொய்யிங்க."

உள்ளேயிருந்து மாப்பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டது. சென்னியப்பன் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க வந்துமாப்பா பொய் சொல்றீங்க?" என்றாள் பூங்கொடி.

பையை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். சென்னியப்பன் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஐந்து மணி பஸ்ஸில் ஊர் திரும்பி, கேட்ட சௌந்திரத்திடம், "உட்டுட்டு வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார்.