ஹில்லியின் மலைப்பாம்பும் ஹார்ம் வாங்கிவந்த எலியும்

எங்கள் ஊர்க் கால்வாயின் தூக்குப்பாலம் ஹில்லியின் கையில். படகு வந்தால் தூக்குவாள், போனபின் இறக்குவாள். சைக்கிளில் நிற்பவர்கள் மணியடித்துத் தீர்ப்பார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் மாகாணத்திலேயே இப்படியொரு பொறுமைசாலியை நான் கண்டதில்லை. அது அவளுடைய பாம்பிடமிருந்து வந்தது என்பது என் கட்சி.

பாம்பின் பெயர் கூஸ். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளிடம் இருக்கிறது. "இந்த வீட்டுக்கு மூத்தவன் கூஸ்தான். நீ அப்புறம் வந்தவன்" என்று கணவன் ஹார்மைச் சீண்டுவாள். ஹார்ம் சிரிப்பான். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். எனக்குத் தெரியாதா, அடுத்த வீட்டுக்காரன் நான்.

கூஸுக்கு அவள் உயிருள்ள இரையைக் கொடுத்ததே இல்லை. ஃப்ரீசரில் உறைந்த எலியை முதல்நாளே எடுத்து இளகவைப்பாள். மறுநாள் பையோடு வெதுவெதுப்பான நீரில் போட்டுச் சூடேற்றுவாள். பாம்பின் மேலுதட்டில் இருக்கும் சின்னக் குழிகளுக்குச் சூடு தெரிய வேண்டும். பிறகு நீண்ட இடுக்கியால் பிடித்து நீட்டுவாள். விரலில் எலி வாசனை இருந்தால் விரலையே கவ்வும் என்பதால் கையை நீட்டவே மாட்டாள். தின்றபின் இரண்டு நாள் கூஸை யாரும் தொடக் கூடாது.

குளிர்காலத்தில் கூஸ் மாதக்கணக்கில் இரைக்கு வாய் திறக்காது. ஹில்லி அலட்டிக்கொள்ள மாட்டாள். ஹார்முக்குத்தான் தாங்காது. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோர் தட்டிலும் உருளைக்கிழங்கு இருந்தாக வேண்டும் என்று வளர்ந்தவன். "நாம மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு, ஒரு ஜீவனைப் பட்டினி போடறது பாவம் இல்லையா?" என்பான்.

அந்த ஜனவரியில் ஹில்லி அக்காவின் பிறந்தநாளுக்கு வெளியூர் போனாள். ஹார்ம் எங்கிருந்தோ உயிருள்ள எலி ஒன்றை வாங்கிவந்தான். கூஸின் கண்கள் பால் படிந்ததுபோல் வெளுத்திருந்தன. தோலுரிக்கும் நேரம், பாம்புக்குப் பார்வை மங்கலாக இருக்கும், பசி இருக்காது. அதையெல்லாம் கவனிக்க ஹார்முக்கு ஏது நேரம்? அன்று காலைதான் கால்வாய் முழுக்க உறைந்திருந்தது. பனிக்கட்டி தாங்கும் என்று தெரிந்தால் எங்கள் ஊரில் யாருக்குமே தலைகால் புரியாது. எலியைக் கூஸ் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டான், மூடினான், ஸ்கேட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பறந்தான்.

மதியமே ஊர் திரும்பிவிட்ட ஹில்லி என் கதவைத் தட்டினாள். "ரூல்ஃப், கொஞ்சம் வா. பெட்டி மூடியைப் பிடிச்சுக்கணும்."

போய்ப் பார்த்தேன். கூஸ் பந்தாகச் சுருண்டு கிடந்தது. முதுகில் உட்கார்ந்து எலி அதன் தோலைக் கொறித்துக்கொண்டிருந்தது. ஒரு நொடியில் அதை நெரித்திருக்கக்கூடிய உடம்பு, தலையை மறைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தது. ஹில்லி தடித்த துண்டைப் போட்டு எலியை அள்ளி வாளியில் விட்டாள். இரண்டு இடங்களில் செதில் போய்ச் சிவந்திருந்தது.

உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் கழுவினாள். அயோடினை வெளிர் தேநீர் நிறம் வரும்வரை நீரில் கலந்து பஞ்சால் ஒற்றினாள். பெட்டியில் பரப்பியிருந்த மரத்தூளை வாரி வெளியே கொட்டிவிட்டு, ஈரமோ அழுக்கோ பட்டால் தெரியட்டும் என்று வெள்ளைக் காகிதம் விரித்தாள். விலங்கு மருத்துவரைக் கூப்பிட்டுக் காயத்தின் படத்தை அனுப்பினாள். மேலோட்டமான காயம்தான், தினமும் இதையே செய்யுங்கள், வீங்கினாலோ நாற்றம் வந்தாலோ உடனே கொண்டுவாருங்கள் என்றார் அவர். ஆறும்வரை இரை கூடாது. ஆறினாலும் இனி எலியைக் கண்டு மிரளலாம், தின்னுமா என்பது தெரியாது என்றும் சொன்னார்.

கன்னம் சிவக்க ஹார்ம் வந்தான். பெட்டியைப் பார்த்தான். "பசியா இருப்பான்னு நெனச்சேன்" என்றான்.

"அவனுக்கு ஒண்ணும் பசியில்ல. உனக்குத்தான் அவசரம்." அவ்வளவுதான் அவள் சொன்னது. அவள் கத்தியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து பஞ்சும் அயோடினும் ஹார்மின் வேலை. அந்த எலியையும் அவனே கூண்டில் வைத்து வளர்த்தான். சில நாளில் கூஸ் தோலுரித்தது. உரிந்த சட்டையில் காயம் இருந்த இடங்களில் இரண்டு ஓட்டைகள். பிப்ரவரிக் கடைசியில் மறுபடி உரித்தபோது ஓட்டை இல்லை. முழுச் சட்டை, கண்ணை மூடியிருந்த கண்ணாடிபோன்ற செதில் உள்பட. ஹார்ம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அழித்து எழுதிக்கொள்ளும் உடம்பு அது.

அந்த வாரச் சனிக்கிழமை கால்வாய் மீண்டும் உறைந்தது. நான் ஸ்கேட்டோடு போய் நின்றேன். "ஹார்ம், வாடா. நாளைக்கு உருகிடும்."

அவன் பெட்டி முன் மண்டியிட்டிருந்தான். கையில் இடுக்கி, நுனியில் சூடேற்றிய செத்த எலி. பின்னால் நின்ற ஹில்லிதான் கொடுத்திருக்கிறாள். "நீயே குடு. அவன் வேண்டாம்னா வேண்டாம், நீட்டிக்கிட்டே இரு" என்று.

கூஸ் அசையவில்லை. வெளியே கால்வாயில் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. நீட்டிய கை மரத்துப்போக, ஹார்ம் அதை மறு கையால் தாங்கிக்கொண்டான். நான் ஸ்கேட்டைக் கீழே வைத்தேன். கூஸின் நாக்கு ஒருமுறை வெளியே வந்தது. தலை ஒரு விரலளவு உயர்ந்தது, அப்படியே நின்றது. மூச்சு விடவும் பயமாக இருந்தது.

கூஸ் பாய்ந்து கவ்வியதை நான் பார்க்கவில்லை, யாராலும் பார்க்க முடியாது. இடுக்கி காலியாக இருந்தது, எலி சுருளுக்குள் இருந்தது. பிறகு அந்தத் தாடை மெல்ல மெல்ல விரிந்து, தன் தலையைவிடப் பெரியதை உள்ளே வாங்கியது. நாங்கள் மூவரும் கோயிலில் இருப்பதுபோல் இருந்தோம்.

"இப்பப் போறியா? ஐஸ் இன்னும் இருக்கு" என்றாள் ஹில்லி.

"இருக்கட்டும். அவன் முழுங்கி முடிக்கட்டும்" என்றான் ஹார்ம்.

அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மரத்துப்போன அவன் கையைத் தேய்த்துவிட்டாள்.