கழுவாத ரூபாய்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த மாதேஸ்வரனுக்குப் பேச்சு குறைவு. "வாட்ச் ஓடலீங்க" என்று யாராவது வந்தால் கையை நீட்டுவார், வாங்கிக் காதில் வைப்பார், "வியாழக்கிழமை" என்பார். அதோடு சரி. வியாழக்கிழமை வாட்ச் ஓடும். இந்த மலையில் மழைக்காலம் வந்தால் வாட்ச் கண்ணாடிக்குள்ளேயே பனி இறங்கும். அதையும் சலிக்காமல் துடைத்து உலர்த்திக் கொடுத்த மனுசன்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், வெள்ளி ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் ராஜா தலை போட்டது. 1911-லிருந்து 1920 வரை வருசத்துக்கு ஒன்றாகப் பத்து சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம். ஒன்பது சேர்ந்துவிட்டது. 1911 மட்டும் சிக்கவில்லை. சிக்காததற்குக் காரணம் உண்டு. அந்த வருசம் அடித்த ரூபாயில் ராஜா போட்டிருக்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை. தும்பிக்கை குட்டையாக விழுந்து பன்றி மாதிரி தெரிந்ததால் ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். சர்க்கார் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து உருக்கிவிட்டது. மிஞ்சியதற்குப் பன்னி ரூபாய் என்று பேர். பதினாலு வருசமாக அதைத் தேடினார்.

"ஏனுங்கண்ணா, பன்னி வேணும்னா கொட்டச்சேட்டுப் பக்கம் போங்க, காப்பிக் காட்டுக்குள்ள மேயுது" என்று பக்கத்துப் பழக்கடை பழனிசாமி தினமும் வம்புக்கு இழுப்பார். மாதேஸ்வரன் தலை நிமிர மாட்டார்.

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு ஆயுத பூஜைக்கு ஸ்குரூ டிரைவர், இடுக்கி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தவர், அதே கையோடு ஒன்பது ரூபாயையும் புளி போட்டுக் கழுவி, விபூதியால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். வெள்ளி என்றால் விபூதியால் தேய்ப்பதுதானே எல்லார் வீட்டிலும் வழக்கம்? பெருமையாகச் சேலத்துக்குக் கொண்டு போய்ப் பழைய காசு பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் காட்டினார். அவர் ஒன்பதையும் திருப்பித் தள்ளினார். "குளிப்பாட்டியே கொன்னு கொண்டாந்திருக்கீங்களே! காசு மேல தானா ஏறுன நெறந்தானுங்க அதுக்குத் தோலு. தோல உரிச்சுப்போட்டீங்க" என்றார். அன்றைக்கு மலை ஏறி வந்ததும் மாதேஸ்வரன் ஒன்பதையும் கடை இழுப்பறையின் அடியில் போட்டார். பெண்சாதி சாந்தியிடம் மட்டும் சொன்னார்.

எண்பத்தாறாம் வருசம் அந்தப் பன்னி தானாகவே கடை தேடி வந்தது.

மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த ஜேசுதாஸ் வேலை முடிந்து, கோயமுத்தூரில் மகள் வீட்டோடு போய்விடக் கிளம்பினார். பெட்டி படுக்கையோடு சம்சாரம் ஸ்டெல்லாவும் வந்தார். சேலம் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது.

"மாதேசு, எங்கூட்டுக் கடிகாரத்த இருவது வருசம் ஓட வெச்சீங்க. எங்கப்பா பெட்டியில இது ரெண்டு கெடந்துச்சு. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு மருமகனுக்கு. புடிச்சத எடுத்துக்குங்க" என்று மேசைமேல் இரண்டு ரூபாயை வைத்தார்.

இரண்டும் 1911. ஒன்று கண்ணாடி போல மின்னியது. மற்றது கருத்து, ஓரத்தில் மட்டும் நீலமும் செம்பொன்னுமாக வளையம் கட்டியிருந்தது.

"அந்த வெள்ளையா இருக்கறத நேத்து மத்தியானம் பூரா பல்பொடி போட்டுத் தேச்சேனுங்க. உங்க கைக்கு அழகாப் போகோணுமில்ல?" என்றார் ஸ்டெல்லா. "இன்னொண்ணு அந்தப் பழுப்புக் காயிதத்துலயே இருந்துச்சு, தேய்க்க நேரமில்ல."

மாதேஸ்வரன் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். மின்னும் காசை வெளிச்சத்தில் சாய்த்தார். வெளிச்சம் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தது. முகமெல்லாம் முடி முடியாகக் கீறல். யானை மழுங்கி, யானையுமில்லை பன்றியுமில்லை. கருத்ததைச் சாய்த்தார். கருப்புக்கு அடியிலிருந்து வெளிச்சம் சக்கரம் போலச் சுற்றி வந்தது. யானைக்குக் காது, கால், குட்டைத் தும்பிக்கை எல்லாம் அடித்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தன.

அவர் கை கருத்ததை எடுத்தது.

"அண்ணா, கண்ணு கெட்டுப்போச்சா? வெள்ளைய எடுங்கண்ணா!" என்று பழக்கடையிலிருந்து பழனிசாமி கத்தினார்.

ஸ்டெல்லாவுக்கோ கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா இவிய குணத்த? நல்லத நமக்கு உட்டுப்போட்டு கறை புடிச்சத எடுத்துக்கறாங்க."

மாதேஸ்வரன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். காசும் கையில், நல்ல பேரும் கையில். பஸ்ஸும் ஸ்டாண்டுக்குள் திரும்பிவிட்டது. பதினாலு வருசம் தேடியது உள்ளங்கையில் கிடக்கிறது. வேறொருவனாக இருந்தால் கும்பிடு போட்டு வழியனுப்பியிருப்பான்.

அவர் கருத்த காசைத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

"இல்லீங்கம்மா. இதுதான் ஒசத்தி. அது தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்று லென்ஸை ஸ்டெல்லாவிடம் நீட்டினார். "பாத்துப்போட்டு நீங்களே சொல்லுங்க, எது எனக்குன்னு."

ஸ்டெல்லா ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், மறுபடியும் மின்னியதையே பார்த்தார். "அய்யய்யோ, யானைக் காதெல்லாம் தேஞ்சு போச்சுதுங்களே! நான் தேச்சதுலயா?"

"வருத்தப்படாதீங்க. நீங்க தேச்சது ஒண்ணு. நான் ஒம்பது." இழுப்பறையைத் திறந்து ஒன்பது ரூபாயையும் எடுத்துப் பரப்பினார். ஒன்பதும் பளபளத்தன. "ஆயுத பூஜைக்குப் புளி போட்டுக் கழுவுனேனுங்க."

அவர் ஒரே மூச்சில் அத்தனை பேசிப் பழனிசாமி கேட்டதில்லை. மறைத்து வைத்த வெட்கத்தைக் கடைவீதியில் கொட்டிவிட்டு நின்றார்.

கண்டக்டர் விசில் ஊதினார். ஜேசுதாஸ் கருத்த காசைப் பார்த்தார், சம்சாரத்தைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்குமுன் ஸ்டெல்லா மின்னும் காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"கருப்பு இங்கயே இருக்கட்டுமுங்க. எங்கூட்டுக்கு வந்தா கிறிஸ்துமஸுக்கு அதையும் தேச்சே போடுவேன். என் கை சும்மா இருக்காது" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

அந்த வருசம் ஆயுத பூஜைக்குச் சாந்தியும் கடைக்கு வந்து எல்லாவற்றையும் கழுவினார். கருத்த ரூபாய் இருந்த டப்பா மட்டும் மூடியபடியே சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. சந்தனமும் குங்குமமும் மூடிக்கு மேலே வைத்தார்கள்.

"பன்னி குளிச்சுதுங்களா அண்ணா?" என்று கேட்டபடி பொரி வாங்க வந்தார் பழனிசாமி.

"வியாழக்கிழமை" என்றார் மாதேஸ்வரன்.