பிளக்கைச் சொருகிய அவசரம்

அலுவிகாரையில் என் பலசரக்குக் கடைக்கு வருகிறவர்களுக்கு என் புலம்பல் மனப்பாடம். அந்தக் காலத்து ஜப்பான் ரெகோர்ட் பிளேயர்களைத் திரும்பவும் செய்ய மாட்டார்களா என்று ஏங்குவேன்.

ஜப்பானில் வேலை செய்யும் என் மனைவியின் தம்பி நிஸார், போன மாதம் லீவில் வரும்போது எனக்காகப் பழைய பிளேயர் ஒன்றை உடுப்புகளில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தார். "மச்சான், இப்ப போட்டுடாதீங்க. டவுனுக்குப் போய் ட்ரான்ஸ்போமர் வாங்கிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் பார்க்க வந்துவிட்டார்கள். "ஜப்பான் சாமானுக்கு ஒண்ணும் ஆகாது" என்று பெருமையாகப் பிளக்கைச் சொருகினேன். தட்டு கொஞ்சம் சுற்றியது. பிறகு பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. ஜப்பானில் நூறு வோல்ட், இங்கே இருநூற்று முப்பது; அதைக் குறைக்கத்தான் ட்ரான்ஸ்போமர். வந்தவர்கள் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள்.

நான் பிளக்கைக் கழற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நிஸார் வந்து ட்ரான்ஸ்போமரில் கொடுத்துப் பார்த்தார். தட்டு அசையவில்லை.

"வழியில அடிபட்டிருக்கும். நான்தான் சரியாச் சுத்தல்ல. மன்னிச்சுக்கங்க மச்சான்" என்றார்.

"பரவாயில்ல மச்சான், விடுங்க" என்றேன்.

வாசலில் நின்ற என் மனைவி, "கருகின வாடை இன்னும் போகல்ல" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகுதான் நிஸாரிடம் உண்மையைச் சொன்னேன்.

இப்போது எந்தச் சாமானையும் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் வோல்ட்டை வாசிக்காமல் பிளக்கைத் தொடுவதில்லை. அந்த ட்ரான்ஸ்போமர் கடை மேசையில் இருக்கிறது. அது என்னவென்று கேட்பவர்களுக்கு முழுக் கதையையும் சொல்கிறேன். நிஸாரை நான் மன்னித்த இடத்தில்தான் குரல் இறங்கிவிடுகிறது.