எதிர்சாரிக் கரண்டு

எங்கள் தெருவின் நடுவில் ஒரு மாநில எல்லை ஓடியது. பிரெஞ்சுக்காரன் கிழித்த கோடு என்பார்கள். கிழித்தபோது அவன் நிதானத்தில் இருந்திருக்க மாட்டான். எங்கள் வீடு இருந்த சாரி புதுச்சேரி, எதிர்சாரி தமிழ்நாடு. எதிர்சாரி ஆண்கள் பொழுது சாய்ந்தால் குடிக்க இந்தப் பக்கம் வருவார்கள். நாங்கள் தயிர் வாங்க அந்தப் பக்கம் போவோம். எல்லையை மதித்தது கரண்டு மட்டும்தான். நான் நாலாவது படித்த காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் கரண்டு இருக்கிற நேரத்தைத்தான் ஊரார் அதிசயமாகச் சொல்வார்கள். அங்கே மின்விசிறி நின்று கிடக்கும்போது எங்கள் வீட்டு டிவி பாடிக்கொண்டிருக்கும். எங்களுக்கு அதில் பெருமை வேறு. வீட்டு வாசல் கிழக்கே பார்த்திருந்ததைத் தவிர அதற்காக நாங்கள் செய்தது ஒன்றுமில்லை.

எதிர்சாரியில் அத்தை மாவு மில் வைத்திருந்தாள். அப்பாவுக்குத் தங்கை. மாமா இறந்த பிறகு அவளே பட்டை மாட்டி, அவளே அரைத்து, அந்த மில்லில்தான் அவள் அடுப்பு எரிந்தது. மாவு மில்லுக்கு ஆடிதான் அறுவடை மாதம். தெருவுக்கொரு அம்மன், அம்மனுக்கொரு கூழ் என்று கேழ்வரகு சட்டி சட்டியாக வரும். ஆடியில் மிஷின் ஓடினால்தான் மற்ற மாதங்களுக்கு மூச்சு விடலாம்.

அந்த வருஷம் சித்திரையிலேயே அப்பா தங்கையைக் கூப்பிட்டு, எங்கள் முன்னறையைக் காலி செய்து தருகிறேன், மிஷினைப் பெயர்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடு என்றார். அப்பா நல்லவர். ஒரு விஷயத்தில் ஒரு முறை நல்லவராக இருப்பார். அத்தை வந்திருப்பாள், சித்தப்பா கெடுத்தார்.

சித்தப்பா தெற்கே காற்றாலையில் வேலை பார்த்தார். லீவில் வந்தாரென்றால் தமிழ்நாட்டுக்கே தன் கையால் கரண்டு ஊற்றுகிறவர் மாதிரிதான் பேச்சு.

"புதுசா வரிசையா காத்தாடி மிஷின் நட்டாச்சுக்கா. ஆடிக் காத்து அடிக்கட்டும், கரண்ட வச்சுக்க எடம் இல்லாம முழிக்கப் போறானுங்க. மாமா போட்ட மிஷின நீ எதுக்குப் பேக்கற?"

அத்தை நம்பினாள். தம்பியை நம்பினாளோ, மாமா நின்ற இடத்தைவிட்டு வராமலிருக்க ஒரு சாக்குக் கிடைத்ததென்று பிடித்துக்கொண்டாளோ, அப்பாவிடம் வேண்டாம் என்றுவிட்டாள். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் ரோஷம். ஆனியில் முன்னறையை ரெட்டியார்பாளையத்துக்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டார். அவர் வண்டியில் கொண்டுவந்து இறக்கியது ஒரு மாவு மிஷின். கரண்டு இல்லாத மில்லுக்கு எதிரில் கரண்டு இருக்கிற அறை கிடைத்தால், பிழைக்கத் தெரிந்தவன் வேறு எதை இறக்குவான்?

ஆடி பிறந்தது. காற்று ஒரு குறையும் வைக்கவில்லை. மாடியில் காயப்போட்ட துணியைத் தெருக்கோடியில் போய்ப் பொறுக்கினோம். அத்தையின் மில்லில் காலையில் வைத்த கேழ்வரகுச் சட்டிகள் மத்தியானம் வரை கரண்டுக்காகக் காத்திருந்தன. பிறகு அவற்றை முந்தானையால் மூடி, அத்தையின் முகத்தைப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு, பெண்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

இரண்டாம் வெள்ளியன்று சித்தப்பா பையோடு வந்து மில் வாசலில் நின்றார். காற்றுக்காலத்தில் அவருக்கு லீவே கிடையாது.

"இன்னாடா, அங்க காத்து அடிக்கலியா?" என்றாள் அத்தை.

"ஆளத் தூக்குதுக்கா. மிஷினுதான் நிக்குது."

புது மிஷின்களின் கரண்டை வடக்கே கொண்டுவர வேண்டிய பெரிய லைன் பாதி வழியில் நின்றுவிட்டதாம். மின்கோபுரம் நட எங்கள் நிலம்தான் கிடைத்ததா என்று நிலக்காரர்கள் மறித்தார்களாம். நிலம் கிடைத்த இடத்தில் கம்பி வந்து சேரவில்லையாம். இருக்கிற பழைய லைனுக்கோ அதன் சுமையே தாங்கவில்லை. அதனால் காற்று நன்றாக அடிக்கிற நேரமாகப் பார்த்து, சுற்றுகிற பழைய மிஷின்களையும் நிறுத்தச் சொல்லி போன் வருமாம். நிற்கிற மிஷினுக்கு ஆள் எதற்கு என்று சித்தப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஒத்தையடிப் பாதையில எத்தினி வண்டிக்கா போவும்?" என்றார், தரையைப் பார்த்தபடி.

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லுவாங்க. அம்மி கெடக்குதுடா இங்கியே. என் மில்லுதான் பறந்துடுச்சு."

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அறை போய்விட்டது அவளுக்குத் தெரியும். ஆடி முடிகிற மட்டும் இங்கிருந்து ஒரு ஒயர் இழுத்துக்கொள்ளட்டுமா என்றுதான் கேட்டாள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"அது வேற ஸ்டேட்டும்மா. புடிச்சான்னா என் வேலையே போயிடும்."

அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர். அவர் சொன்னது சட்டப்படி சரி. நிலம் தராதவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது, கம்பி அனுப்பாதவர்களுக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். எல்லாரும் சரியாகவே இருந்தார்கள், அத்தையின் மில் நின்றது. அந்த லைன் பின்னாளில் வந்தது, அதற்குள் அத்தையின் மிஷின் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அவர்கள் எல்லார்மேலும் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. அப்பாமேல் சற்றுக் கூடுதலாகவே.

ஆனால் அப்போது எனக்கு இதொன்றும் தெரியாது. மூன்றாம் வெள்ளியில் அத்தை தன் பங்குக்குக் கூழ் ஊற்றுவது வழக்கம். மாமா இறந்த வருஷத்தில்கூட அவள் அதை விட்டதில்லை. வியாழக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு ஒரு சட்டிக் கேழ்வரகைக் கையில் கொடுத்தாள்.

"உங்க வூட்ல குடுத்து அரைச்சுட்டு வா பாப்பா. யாருதுன்னு கேட்டா ஒண்ணும் சொல்லாத."

எங்கள் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம் நெரிந்தது. வரிசையில் நின்றால் பள்ளிக்கூடத்துக்கு மணி அடித்துவிடும். எனக்கு ஒரு யோசனை உதித்தது. "இது எங்க அத்தையோடது! எதிர்ல மில்லு வச்சிருக்காங்களே, அவங்களோடது!" என்று சத்தம் போட்டேன். பேச்சு சட்டென்று நின்றது. பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மில்காரர் மற்றவர்கள் சட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு என்னுடையதை முதலில் அரைத்தார். நீட்டிய காசை வாங்காமல் என் விரல்களை மூடி அனுப்பினார்.

தெருவை ஒரே ஓட்டமாகக் கடந்தேன். "அத்தே, நம்பளுக்குத்தான் மொதல்ல அரைச்சாங்க! காசே வாங்கல!"

அத்தை சட்டியை வாங்கினாள். மாவு இன்னும் சூடாக இருந்தது. கொல்லைப்பக்கம் போய், பக்கத்து வீட்டுப் பசுமாட்டுக் கழுநீர்த் தொட்டியில் அவ்வளவையும் கொட்டினாள். அந்த வருஷம் அவள் கூழ் ஊற்றவில்லை.

மாவு நைசாக இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி ஓடிப்போய், எங்கள் அத்தைக்கு ஏன் ஒழுங்காக அரைத்துத் தரவில்லை என்று மில்காரரிடம் சண்டை பிடித்தேன்.