அக்காவுக்குப் புதுச்சேரி சுற்றிக் காட்டினேன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்காவுக்குப் புதுச்சேரியைச் சுற்றிக் காட்டினேன். நடந்தே.

ஏன் நடந்தே? சரித்திரப் பெருமை வாய்ந்த துறைமுகப் பட்டணத்தை ரிக்‌ஷாவில் உட்கார்ந்து பார்ப்பது சரித்திரத்துக்குச் செய்யும் அவமரியாதை. பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு அப்படித்தான் சொல்லி வருகிறேன். நான் திண்டிவனத்தில் பதினாறு வருஷமாகச் சரித்திர வாத்தியார். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். படிக்காதவர்களுக்கும் மூன்று வரிக்குள் நானே சொல்லிவிடுவேன்.

அக்கா பெயர் அஞ்சலை. காணை கிராமத்தில் தனி ஆளாக நின்று பயிர் செய்கிறவள். திண்டிவனம் வந்தவள், "தம்பி, என்ன ஒருநா பாண்டிக்கு இட்டுக்கினு போடா. கடல பாக்கணும்" என்றாள்.

நாற்பத்தைந்து வயதில் இவளுக்குச் சரித்திர ஆர்வம் பிறந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். எதையும் உடனே புரிந்துகொள்வது வாத்தியார்களின் தொழில் வியாதி.

பார்க்க வேண்டிய இடங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். முதலில் கவர்னர் மாளிகை. அதன் எதிரே நின்று, எந்தச் சண்டையில் எது இடிந்தது, யார் திரும்பக் கட்டினார்கள் என்று கால் மணி நேரம் பேசினேன். அக்கா கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் எழுப்பினாள்.

"இம்மாம் பெரிய வூட்ட யாருடா பெருக்கறது?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

பூங்கா மண்டபத்தின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கடற்கரைக்கு வந்தோம். வரிசையாக உயர்ந்த கல்தூண்கள். "இதெல்லாம் செஞ்சியிலிருந்து வந்த தூண்கள்" என்றேன், ஏதோ நானே தூக்கி வந்தது மாதிரி.

"செஞ்சிக் கல்ல பாக்கறதுக்கா பஸ்ஸேறி இங்க வந்தோம்?"

சரித்திரத்தின் மேல் மரியாதை இல்லாத குடும்பம் எங்களுடையது.

அங்கிருந்து பார்த்தால் கடலுக்குள் இரும்புக் கம்பங்கள் மொட்டையாக நிற்கும். ஒரு காலத்தில் கப்பலுக்கு ஆளும் சரக்கும் போன பாலம். சில வருஷங்களுக்கு முன் அடித்த புயல் மிச்சம் வைத்தது அவ்வளவுதான். அக்கா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இதானா அந்தப் பாலம்?"

"எந்தப் பாலம்?"

"உங்க மாமா கப்பலேறனது."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும்... சொல்லாமல் தப்பிக்க முடியுமா என்றுதான் இத்தனை வரி எழுதிப் பார்த்தேன். மாமா, அதாவது அக்காவின் கணவர், பதின்மூன்று வருஷத்துக்கு முன், கடல் தாண்டி, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனுக்குப் போனார். அங்கே ஒரு வியாபாரியிடம் சமையல் வேலை. இரண்டு வருஷம் கடிதம் வந்தது. பிறகு நின்றுபோயிற்று. அந்த ஊரில் சண்டை என்று பத்திரிகையில் படித்தோம். "பாண்டிச்சேரியில் விசாரிக்கிறேன்" என்று அக்காவிடம் சொன்னேன். சொல்லிப் பதினொரு வருஷம் ஆகிறது.

இருநூறு வருஷத்துக்கு முன் செத்த பிரெஞ்சு கவர்னர்களின் சண்டை சச்சரவெல்லாம் எனக்கு மனப்பாடம். எங்கள் வீட்டில் சோறு தின்ற மாமா இருக்கிறாரா, இல்லையா என்பது தெரியாது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி இருபத்துச் சொச்சம் மைல். போய்க் கேட்க நேரமில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டியிருந்தது — பதினொரு வருஷமாக.

"இப்ப ஏன் திடீர்னு?" என்றேன்.

"வள்ளிக்குப் பரிசம் போட்டாச்சில்ல. பத்திரிகை அடிக்கணும். அப்பா பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடறதா வாணாமான்னு மாப்ள வூட்ல கேக்கறாங்க. பெத்தவ நானு. இன்னா சொல்றது, சொல்லு."

வள்ளி அவளுடைய ஒரே மகள். நான் நோட்டைப் புரட்டினேன்.

அக்கா எனக்காகக் காத்திருக்கவில்லை. மணலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நேராகப் போனாள்.

"அண்ணே, சைகோன் கப்பலு எங்க நிக்கும்?"

"அதோ, ஆழத்துல. கிட்ட வராதும்மா. பாலம் இருந்தப்ப அதுலேருந்து நாங்கதான் படகுல ஏத்திக்கினு போய் வுடுவோம். யாரத் தேடறீங்க?"

சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, "வாய்க்காலுக்கு அந்தாண்ட ஒருத்தரு இருக்காரு. அங்க ரொம்ப வருசம் இருந்துட்டு வந்தவரு. சைகோன்காரர் வூடுன்னு கேளுங்க, காட்டுவாங்க" என்றார்.

ஒரே நிமிஷம். பதினொரு வருஷ ஆராய்ச்சி ஒரே நிமிஷத்தில் முடிந்தது.

"போற வழியில கலங்கரை விளக்கம்..." என்றேன்.

"அது எங்கியும் ஓடிடாது. நீ வா."

உச்சி வெயிலில் அவள் முன்னால் நடந்தாள். நடப்பதன் பெருமையைப் போதிக்கும் நான், குதிகாலில் கொப்புளத்தோடு பின்னால் நொண்டினேன்.

சைகோன்காரர் ஒல்லியான மனிதர். உட்காரச் சொல்லிக் காப்பி வரவழைத்தார். "பேரு என்ன?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே சொன்னாள்.

"ஏழுமலை."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன்.

"காணை ஏழுமலையா? நெத்தியில தழும்பு இருக்குமே..." என்றவர் நிறுத்தினார். என்னைப் பார்த்து, "சார், கொஞ்சம் வெளிய வரீங்களா?" என்றார். நான் பாதி எழுந்துவிட்டேன்.

"எதுனாலும் இங்கியே சொல்லுங்க" என்றாள் அக்கா. "பொட்ட வச்சிக்கறதா, அழிச்சிடறதா... அது தெரிஞ்சா போதும்."

"வச்சிக்கம்மா. நான் மூணு வருசம் முன்னாடி அங்கேருந்து கப்பலேறும்போது நல்லாத்தான் இருந்தாரு. சோத்துக்கடை வச்சிக்கினு இருக்காரு."

"தனியாவா?"

அவர் தரையைப் பார்த்தார். "ரெண்டு பசங்க."

அக்கா காப்பியை மீதி வைக்காமல் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். பையிலிருந்து வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுத்து அவர் பக்கம் நகர்த்தி, "எங்க கொல்லையில வெளஞ்சது" என்றாள். எழுந்துகொண்டாள்.

தெருவில் நான் ஆறுதல் சொல்லத் தயாரானேன். "பெரிய பெரிய ராஜாக்கள் வீட்டிலேயே..."

"டேய், செத்த வாய மூடிக்கினு வா."

மூடிக்கொண்டேன். வாய்க்கால் ஓரம் முழுக்க அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டே நடந்தாள். மாதா கோயில் தாண்டும்போது முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பிறகு, "அந்த லைட் ஹவுஸு எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

போனோம். அண்ணாந்து பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அது எந்த வருஷம் கட்டியது என்று நான் சொல்லவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் இது முதல் தடவை.

கல்யாணப் பத்திரிகையில் 'சைகோன் ஏழுமலை' என்று போடலாம், குடும்பத்துக்குக் கௌரவமாக இருக்கும் என்று யோசனை சொன்னேன். ஆமாம், அதற்குப் பிறகும் சொன்னேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அச்சகத்துக்குத் தானே போய் எழுதிக் கொடுத்தாள். காணை அஞ்சலை அம்மாளின் மகள் வள்ளி. அவ்வளவுதான். பங்காளிகள் குதித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பெண் நல்ல பெண் என்று இறங்கி வந்தார்கள்.

போன வாரம் கல்யாணம். பந்தியில் அக்காவே குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தாள். தூரத்து உறவில் பெரியப்பா ஒருவர், ஊருக்கே கேட்கும் குரலில் விசாரித்தார்.

"இன்னா அஞ்சல, பத்திரிகையில வூட்டுக்காரரு பேரே காணோம்? இருக்காரா, இல்லியா?"

"இருக்காரு பெரிப்பா. சைகோன்ல சோத்துக்கடை வச்சிக்கினு இருக்காரு. இங்க வயிறு ரொம்பலன்னா ஒரு நட போய் சாப்ட்டு வாங்க."

அந்த வரிசையில் அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை... ரசம்கூட.