கல்லைப் பிடுங்கிய அதிகாரி

தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். அடி அண்ணாமலை பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் சைக்கிளில்தான் வருவார்கள். பஸ்களுக்கு நடுவே அவர்கள் தடுமாறுவதைப் பார்த்து, நகராட்சி சாலையோரம் கல் நட்டு சைக்கிளுக்கென்று தனிப் பாதை பிரித்துக் கொடுத்தது.

கொஞ்ச நாளிலேயே சென்னையிலிருந்து மாநில நெடுஞ்சாலைத் துறை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். உப்பிய கன்னம், கசங்காத வெள்ளைச் சட்டை. யாராவது பேசினால் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கத் தொடங்கிவிடுவார். வந்ததும் கற்களைப் பிடுங்கச் சொன்னார்.

"பசங்க எப்டி சார் போவாங்க?" என்று கேட்டேன்.

"இது ஸ்டேட் ரோடு மேடம். இதுல கல்லு நட முனிசிபாலிட்டி யாரு?"

"அப்ப நீங்களே நட்டுக் குடுங்க."

"அதுக்கு மேலருந்து ஆர்டர் வரணும்."

ஆர்டர் வரவில்லை. பௌர்ணமிக்கு வந்த வேன் ஒன்று இடித்து, என் வகுப்புப் பெண்ணுக்குக் கால் முறிந்தது. அடுத்த முறை அவர் ஊருக்கு வந்தபோது நேரில் போய்ச் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார்.

"பொண்ணு தாரு மேல விழுந்துச்சா, மண்ணு மேலயா?"

"மண்ணு மேல சார்."

"அப்ப அது முனிசிபாலிட்டி எடம். அவங்களப் போய்க் கேளுங்க."

சொல்லிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த முகத்தில் காறித் துப்பத் தோன்றியது. இவரும் ஒரு வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சோறு தின்றிருப்பார் என்பதை என்னால் இன்றும் நம்ப முடியவில்லை.