சட்டையில் இல்லாத பெயர்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் மொன்றியல் நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் சொந்தமாகத் தையல் ஆலை நடத்தினேன். அங்கே துணி வெட்டியவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். குள்ளமானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. மதியம் சாப்பிட்டதும் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு, தன் நாட்டு இளைஞர்கள் தாங்களே வரைந்து அச்சடித்த சித்திரக்கதைகளை வாசிப்பார். பிறகு அவர்களைப் பாராட்டி இணையத்தில் எழுதுவார்.

"ஆரெண்டே தெரியாததுகளைப் புகழுறாய். இவ்வளவு பெரிய ஆலை போட்ட என்னைப் பற்றியும் நாலு வரி எழுதன்," என்றேன்.

ஆலையில் எங்கள் ஆட்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் அவர் கேட்டார்: "அண்ணை, சட்டையிலை ஆர் பேர்?"

"அது எங்களுக்குத் தையல் வேலை தாற அமெரிக்கக் கம்பனியின்ரை பேர்."

"இந்தப் பெடியள் தங்கடை பேர் போட்டவை," என்று புத்தகத்தைத் தட்டிக் காட்டினார்.

அந்தக் கம்பனி தையலைச் சீனாவுக்குக் கொண்டுபோனது; என் ஆலை மூடியது. அந்த மனிதர் இன்னமும் யாரையோ பாராட்டி எழுதிக்கொண்டிருப்பார். நான் தைத்த சட்டைகளை மொன்றியலே போட்டுத் திரிந்தது. என் பெயரைச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.